ஐ.சி.எஃப். பெட்டிக்கு உள்விளக்கு: எச்.ஓ. மாடல் ரயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எச்.ஓ. எனப்படும் 1:87 அளவு ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெட்டிகளைப் பற்றியவை. பெரம்பூரில் 1955 முதல் தயாரான நிஜப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். மாடலில் அது ஏறக்குறைய 245 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த அளவுக்கானவை.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை ஒட்டினேன். பெட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது. எப்படிக் குறைப்பது?

மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள ஸ்ட்ரிப்பில் 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும். ஒரு துண்டில் மூன்று எல்.இ.டி. ஒரு பெட்டிக்கு நான்கு துண்டு போதும். டி.சி.சி. (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) தண்டவாளத்தில் 15 வோல்ட் என்றால், அதை ஒரே திசை மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் 1.4 வோல்ட்டைத் தின்றபின் 13.6 மிஞ்சும். அதை நேரே கொடுத்தால் நான்கு துண்டும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மொத்த ஸ்ட்ரிப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள். மின்னோட்டம் 5, 6 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். இருட்டறையில் அதுவே தாராளம். இன்னும் மங்கலாக வேண்டுமென்றால் 5 கிலோ ஓம் ட்ரிம்மரை (திருகி மாற்றும் ரெசிஸ்டரை) வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டுத் திருகிப் பாருங்கள். பிடித்த இடத்தில் நிறுத்தி, மல்டிமீட்டரில் அளந்து, அதற்கு நெருக்கமான ரெசிஸ்டரை நிரந்தரமாக வையுங்கள்.

வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஸ்ட்ரிப்பைக் கீழ்நோக்கி ஒட்டாதீர்கள். கூரையின் உட்புறத்துக்கு வெள்ளை அடித்து, ஸ்ட்ரிப்பை அதைப் பார்த்தபடி சில மி.மீ. கீழே நிறுத்துங்கள். ஒளி கூரையில் பட்டுப் பரவி இறங்கும்.

எந்த நிற வெளிச்சம் சரி?

குண்டு பல்பு காலத்துப் பெட்டிக்கு 2700 கெல்வின். டியூப்லைட் காலத்து ஸ்லீப்பருக்கு 4000 முதல் 5000. எல்.இ.டி. பொருத்திய இன்றைய பெட்டிக்கு 6000. கையில் இருப்பது குளிர்வெள்ளை மட்டும்தான் என்றால் ஒவ்வொரு எல்.இ.டி. மேலும் டாமியா எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சை மெல்லிய ஒரு பூச்சு பூசினால் போதும்.

பாயின்ட்டை (தண்டவாளம் பிரியும் இடத்தை) கடக்கும்போதெல்லாம் விளக்கு கண்சிமிட்டுகிறது. பெரிய கெபாசிட்டர் போடலாமா?

போடலாம், ஆனால் கடைசியில். முதல் குற்றவாளி எப்போதும் சக்கரம்தான். ஒரே போகியில் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டத்தில்) இரு துருவங்களையும் எடுக்கப் பார்க்காதீர்கள். முன் போகியின் இரண்டு அச்சுகளும் இடது தண்டவாளத்திலிருந்து, பின் போகியின் இரண்டும் வலதிலிருந்து எடுக்கட்டும். ஒருபுறம் மட்டும் காப்பிட்ட உலோகச் சக்கரங்கள் இதற்கே ஏற்றவை: அச்சின் மீது 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி லேசாக உரசினால் போதும். ஒரு போகியில் ஒரு அச்சை மட்டும் திருப்பி மாட்டிவிட்டால் நேரே ஷார்ட். மூடுவதற்கு முன் இரு போகிகளுக்கும் இடையே மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள், மின்சாரம் இல்லாத தண்டவாளத்தில் நிறுத்தி; ஒலித்தால் ஷார்ட். ஒவ்வொரு போகியிலும் எல்லா உலோகப் பாதையும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கம்பி அழுத்தம் கூடினால் பெட்டி இழுபடும். லேசான சரிவில் தள்ளிவிட்டால் தானாக உருள வேண்டும்.

அதற்குப் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சக்கரங்களைத் துடைத்துவிட்டு, 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டரை ரெக்டிஃபையருக்கும் அந்த 1 கிலோ ஓமுக்கும் இடையில் சேருங்கள். அரை விநாடி வரை தாங்கும். 1000 போட்டால் ஏறக்குறைய ஒரு விநாடி.

பத்துப் பெட்டிக்கும் கெபாசிட்டர் போட்டபின் மின்சாரம் கொடுத்தவுடன் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு டி.சி.சி. மின்சாரம் தரும் கருவி) ட்ரிப் ஆகிறது.

காலியான பத்துக் கெபாசிட்டர்களும் ஒரே நொடியில் நிரம்பப் பார்க்கின்றன. பூஸ்டருக்கு அது ஷார்ட் போலவே தெரிகிறது. ஒவ்வொரு கெபாசிட்டரின் பிளஸ் காலோடும் தொடரில் 100 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அதற்கு இணையாக ஒரு 1N4148 டையோடு, கோடு போட்ட முனை ரெக்டிஃபையரின் பிளஸ் பக்கம். நிரம்பும்போது ரெசிஸ்டர் வழி மெதுவாக, காலியாகும்போது டையோடு வழி தடையின்றி. டையோடைத் திருப்பி வைத்தால் ரெசிஸ்டர் இருந்தும் பயனில்லை.

இவ்வளவையும் எங்கே மறைப்பது?

ஐ.சி.எஃப். ஸ்லீப்பரில் இரு முனையிலும் கழிவறைகள். அவற்றின் கண்ணாடி பனிப்படலம் போன்றது. 10 மி.மீ. விட்டமுள்ள கெபாசிட்டரும் ரெக்டிஃபையரும் அங்கே போய்விடும். தரையிலிருந்து கூரைக்கு ஏறும் கம்பியும் அந்தத் தடுப்பின் மூலையில்தான் ஏற வேண்டும். 0.15 மி.மீ. எனாமல் கம்பி என்றால் கண்ணுக்குப் படாது. உடலைக் கழற்றி ஓரமாக வைக்கும் அளவுக்குக் கம்பியில் தளர்வு விடுங்கள்.

உள்ளே இருக்கை, பயணிகள் வைப்பது உண்மையிலேயே பலன் தருமா?

பெட்டியைப் பொறுத்தது. ஏ.சி. பெட்டியின் நிறமேற்றிய கண்ணாடிக்குப் பின்னால் பெர்த்தின் உருவம் தெரிந்தால் போதும், மணிக்கணக்கில் உழைக்காதீர்கள். ஸ்லீப்பரோ கம்பி ஜன்னல் வழியே அப்படியே தெரியும். அங்கே 9 பகுதிகள், பகுதிக்கு 8 பெர்த், மொத்தம் 72. 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் பெர்த்துகளை வெட்டி, உடலுக்குள் போடுவதற்கு முன்பே நீலம் அடித்துவிடுங்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதும், நடுவில் உள்ளவர்களை யாரும் பார்ப்பதில்லை. உட்கார்ந்த பொம்மைகள் பெரும்பாலும் உயரமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெட்டி இறக்குங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம்: அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் ஜன்னல்களை வெண்மையாக்கிவிடும். வெள்ளைப் பசை போதும்.

எடையையும் அப்போதே பாருங்கள். என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரைப்படி எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். இந்தப் பெட்டிக்கு அது சுமார் 165 கிராம். சேர்க்கும் எடை பெர்த்துகளுக்கு அடியில், தரையோடு.

சுவர் முழுக்கச் சிவப்பாக ஒளிர்கிறது.

பிளாஸ்டிக் ஒளியைக் கடத்துகிறது. உட்சுவருக்கு முதலில் கறுப்பு, காய்ந்தபின் மேலே வெளிர்நிறம். வெள்ளையை மட்டும் அடித்தால் நிற்காது. கூரை சேருமிடத்தில் அலுமினிய டேப் ஒட்டுபவர்கள் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கறுப்பு டேப்பே மேல்.

என்னிடம் சாதாரண டி.சி. கன்ட்ரோலர். வண்டி நின்றால் விளக்கும் அணைகிறது.

மூன்று எல்.இ.டி. தொடருக்கு தண்டவாளத்தில் 9 வோல்ட்டாவது வேண்டும். வண்டி மெதுவாகப் போகையில் அது கிடையாது. பெட்டிக்கு ஒரு ஏ23 பேட்டரி (12 வோல்ட்) வைத்து அதே 1 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். 4 மில்லி ஆம்பியரில் ஏறக்குறைய பத்து மணி நேரம் எரியும். நீளம் 28.5 மி.மீ. என்பதால் முனையில் குறுக்காகப் படுக்கும். நடைவழி அடைபடும், வெஸ்டிபியூல் (பெட்டிகளை இணைக்கும் மூடிய நடைபாதை) இருந்தால் தெரியாது. கூரைக்கு அடியில் ரீட் சுவிட்ச் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை ஒட்டிவிட்டால், மேலே சிறு காந்தத்தை வைத்து எரிய விடலாம், எடுத்தால் அணையும்.

கடைசிப் பெட்டியில் மினுக்கும் சிவப்பு விளக்கு?

தானே மினுக்கும் சிவப்பு எல்.இ.டி. கிடைக்கிறது. கெபாசிட்டருக்குப் பின்னாலிருந்து, தனி 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு கொடுங்கள். உள்விளக்கின் ரெசிஸ்டரையே பகிர்ந்தால் பெட்டி முழுவதும் சேர்ந்து மினுக்கும். பக்கத்தில் எல்.வி. (கடைசிப் பெட்டி என்பதைக் காட்டும்) பலகையை மறக்க வேண்டாம்.