பழங்கடலில் எவ்வளவு ஆக்ஸிஜன்? ஆய்வாளருடன் கேள்வி பதில்

அடையாறு, கல்லூரி மாணவி: கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்நீர் இன்று இல்லை. அதிலிருந்த ஆக்ஸிஜனை எப்படி அறிகிறீர்கள், அம்மா?

ஆக்ஸிஜனை நேரடியாக அளப்பதில்லை; அது கூடினாலும் குறைந்தாலும் தானும் மாறுகிற பொருள்களைத் தேடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது அயோடின். ஆக்ஸிஜன் நிறைந்த நீரில் அது அயோடேட்டாக இருக்கும், குறைந்தால் அயோடைடாகிவிடும். மணல்துகள் அளவேயான ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் கடலுயிர், கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தால் ஓடு கட்டும்போது அயோடேட்டுக்கு மட்டும் உள்ளே இடமுண்டு. ஆகவே ஓட்டில் கால்சியத்துக்கு எவ்வளவு அயோடின் என்று பார்த்தால், அது வளர்ந்த நீரின் நிலை தெரியும்.

அயனாவரம், வேதியியல் ஆசிரியர்: ஆய்வகத்தில் எது கடினம்?

அவசரம்! ஓடுகளை அமிலத்தில் கரைத்ததும் அயோடின் ஆவியாகத் தப்பப் பார்க்கும். உடனே காரம் சேர்த்து, தாமதிக்காமல் அளக்க வேண்டும். இல்லையேல் நல்ல கடலையும் மூச்சற்ற கடல் என்று எழுதிவிடுவோம்.

காசிமேடு, மீனவர்: நம் வங்கக் கடலில் ஆக்ஸிஜன் குறைவா?

மேற்பரப்பில் இல்லை, ஐயா. சில நூறு மீட்டர் ஆழத்தில் மிகக் குறைவு. அரபிக் கடலில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. அவை எடை குறைந்த நைட்ரஜனை முதலில் எடுப்பதால், எஞ்சும் நைட்ரேட்டில் கனமான நைட்ரஜன்-15 கூடுகிறது. ஃபொராமினிஃபெரா ஓட்டுக்குள் சிக்கிய புரதத்தில் அந்த அடையாளம் தங்கிவிடும். அயோடினுக்கு இது இரண்டாம் சாட்சி. ஒரே சாட்சியை வைத்து எழுதும் முடிவை நான் ஏற்பதில்லை.

தாம்பரம், மாணவர்: பெரம்பலூர் காரையில் கிடைக்கும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் புதைபடிவத்தை எடுத்துவந்து சோதிக்கலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பில்லாத புதைபடிவம் ஆய்வுக்குப் பயன்படாது. மேலும் அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற வேறொரு சுண்ணக் கனிமம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளில் அது கால்சைட்டாக மறுபடிகமாகியிருந்தால் பழைய வேதியியலும் அழிந்திருக்கும். எதையும் முதலில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அளக்க வேண்டும்.

மயிலாப்பூர், இல்லத்தரசி: பூமி சூடானால் கடலில் ஆக்ஸிஜன் குறையும்தானே?

1960 முதல் உலகக் கடல்கள் சுமார் 2 சதவீதம் இழந்திருக்கின்றன. ஆனால் 2022இல் வெளியான நைட்ரஜன் ஆய்வு ஒன்று, 1.6 கோடி, 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலங்களில் வெப்பமண்டலக் கடலின் ஆக்ஸிஜனற்ற பகுதிகள் சுருங்கியிருந்ததைக் காட்டியது. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. அந்த வெப்பம் லட்சக்கணக்கான ஆண்டுகள் நீடித்தது. கடலோட்டமும் உயிர்களும் அதற்கேற்ப மாற நேரமிருந்தது. நாம் சூடாக்குவது ஓரிரு நூற்றாண்டில்.