சிவப்புத் தரைக்கு எந்தச் சுவர்?

கேள்வி: எங்கள் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பக்கம். தரை பழைய ரெட் ஆக்சைடு, அம்மா கொடுத்த தேக்கு பீரோவும் உண்டு. மகள் லாவண்டர் கேட்கிறாள், எனக்கு மனசு வரவில்லை. என்ன நிறம் அடிக்கலாம்? - வாசகி, மதுரை

பதில்: பெயிண்ட் கடை அட்டையை மூடி வைத்துவிட்டு முதலில் தரையைப் பாருங்கள். சிவப்புத் தரையும் தேக்கும் மாறப்போவதில்லை, அதனால் உங்கள் அறையின் நிறத்தில் பாதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்தத் தரையைத் தயவுசெய்து டைல்ஸ் போட்டு மூடிவிடாதீர்கள், அவ்வளவு அழகு அது! மேற்கு ஜன்னலில் மாலை 4 மணிக்கு வரும் மஞ்சள் வெயில் பட்டால் லாவண்டர் மங்கி சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், பீச் நிறமோ இன்னும் சூடாகத் தெரியும். என் தேர்வு, மோரில் ஒரு சொட்டுப் பச்சை கலந்தது போன்ற வெளிர் பச்சை. சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும்.

சரி, மகளின் ஆசை? லாவண்டரில் ஒரு சுங்குடி போர்வையும் இரண்டு தலையணை உறையும் வாங்கிக் கொடுங்கள், வெளிர் பச்சையோடு அது நன்றாகவே சேரும்.

அப்புறம், சுவரில் 2 அடிக்கு 2 அடி பூசிக் காயவிட்டு, காலை, மாலை, இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள். எமல்ஷன் பெயிண்டின் நிறம் காய்ந்ததும் கொஞ்சம் அடர்த்தியாகும். பல்பு 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை என்றால் மாற்றுங்கள், 2700 கெல்வின் மஞ்சளில்தான் தேக்கு தேக்காகத் தெரியும்.