சும்மா தங்க இடம் இருக்கா? – கடிதமும் பதிலும்

அண்ணன்,

நான் களுவாஞ்சிகுடி. பங்குனியில தனியா இந்தியா போகப் பாக்கிறன், ஒரு மாசம். காங்கேசன்துறையில கப்பலேறி நாகபட்டினம், அங்கால வடக்க ரெயின்ல. காசு மட்டுமட்டு. கவுச்சர்ஃபிங் எண்ட இணையத்தளத்தால ஆக்கள்ர வீட்டில சும்மா தங்கலாமெண்டாங்க, பாத்தா அதுக்கும் காசு கேக்குது. வேற வழி இருக்கா?

தம்பிக்கு,

கவுச்சர்ஃபிங் 2004ல தொடங்கி கனகாலம் சும்மாதான் கிடந்த, 2020ல கொரோனா நேரம்தான் சந்தா கேக்கத் தொடங்கினவங்க. அதே மாதிரி பிவெல்கம் எண்டு ஒண்டு இருக்கு, தொண்டு செய்ற ஆக்கள் நடத்துறது, இன்னும் இலவசம்தான், ஆனா அதில ஆக்கள் குறைவு.

உங்களுக்குச் சிக்கல் அதில இல்ல தம்பி, பாஸ்போர்ட்ல. இந்தியாவில வெளிநாட்டாள் ஒராள் தங்கினா தங்க வைக்கிறவர் 24 மணித்தியாலத்துக்குள்ள ஒன்லைன்ல அறிவிக்கணும், சி ஃபோம் எண்டு சொல்லுவாங்க, லொட்ஜுக்கு மட்டுமில்ல வீட்டில வச்சிருக்கிறவருக்கும் அதே சட்டம்தான். அந்தக் கரைச்சல் வேணாமெண்டு சின்ன லொட்ஜ்காரர் கனபேர் வெளிநாட்டாக்கள எடுக்கிறயே இல்ல. நாம தமிழ்தானே கதைக்கிறம் எண்டு நினைப்பம், அவங்கட கணக்கில நாமளும் வெள்ளக்காரனும் ஒண்டுதான். எனக்கு நடந்தது, ஊர் பேர் வேணாம், ராத்திரி பதினொரு மணி, ஒரு லொட்ஜ்ல ரூம் திறப்பு கையில தந்தாச்சு, நானும் படியேறத் தொடங்கிட்டன், அப்ப அந்தப் பொடியன் "சாருக்கு எந்த ஊரு?" எண்டான். மட்டக்களப்பு எண்டு பெருமையாச் சொன்னன். சிரிச்சிக்கிட்டே திறப்ப வாங்கிட்டான். அந்த ராத்திரி ஸ்டேஷன்ல, நுளம்போட.

அதுக்குப் பிறகு நான் செய்யிறது, காலங்காலமா ஆக்கள் வந்து தங்குற இடத்தத் தேடிப் போறது. நீங்க நாகபட்டினத்தில இறங்கினா வேளாங்கண்ணி கிட்டத்தான், மாதா கோயில்ர விடுதி இருக்கு, வாடகை குறைவு, நம்மட ஊராக்கள் எப்பவும் போற இடம் எண்டதால பாஸ்போர்ட்டக் கண்டு மிரளமாட்டாங்க. திருவண்ணாமலையில ரமணாசிரமத்தில வாடகையே இல்ல, ஆனா முன்கூட்டியே எழுதிக் கேட்டு அவங்க ஓமெண்டாத்தான் போகலாம், பேக்கோட வாசலில போய் நிக்கேலாது. வடக்க அம்ரித்சர் வரைக்கும் போறீங்களெண்டா பொற்கோயில்ல படுக்க இடமும் சாப்பாடும் சும்மா, ரெண்டு மூண்டு நாளைக்கு மேல இருக்க விடமாட்டாங்க. தலைய மூடணும், சிகரெட் கூடவே கூடாது. தூரப் பயணத்த ராத்திரி ரெயின்ல வச்சா அந்த ராவுக்கு ரூம் வாடகையும் மிச்சம்.

சும்மா தங்கப் பழகினது நான் இந்தியாவில இல்ல, கதிர்காமப் பாதயாத்திரையில. மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எண்டு கோயிலுக்குக் கோயில் படுத்தெழும்பிப் போறது, வழிநெடுக ஆரோ ஒராள் சோறு குடுப்பாங்க. உகந்தையில காட்டுப்பாதை திறக்கிறதுக்கு ரெண்டு ராவு காவல் இருந்தம். பாய் கொண்டுபோகல்ல, சாரத்த விரிச்சிப் படுத்தா கீழ மண்ணெல்லாம் எறும்பு. பக்கத்தில கிடந்த ஆத்தா ஒண்டு "எங்க மனே உன்ட பாய்?" எண்டு கேட்டுப்போட்டு அதுட படங்கில பாதிய இழுத்து என்ட பக்கம் விட்டுது. நல்ல நித்திரை. மறுகா விடிய நாலு மணிக்கு ஆரோ கால்ல தட்டுறாங்க, பாத்தா ஆத்தா, கையில தென்னந்தும்புத்தடி. "எழும்பு மனே, படுத்த இடத்தக் கூட்டிப்போட்டுக் குளிக்கப் போ." நம்மட இடத்த மட்டுமில்ல, அங்கால பத்துப் பேர் கிடந்த இடத்தையும் கூட்ட வச்சித்தான் விட்டுது. பொற்கோயில்ல சாப்பிட்டு முடிய தட்டுக் கழுவுற இடத்தில போய் நிண்டப்போ எனக்கு அந்த ஆத்தாட முகம்தான் வந்த. நீங்களும் போய் நில்லுங்க, ஆரும் கேக்கமாட்டாங்க, ஆனா நில்லுங்க.

ஆ, இன்னொண்டு. முதல் ரெண்டு ராவுக்கு மட்டும் காசு குடுத்து ரூம் புக் பண்ணிட்டுப் போங்க. இமிகிரேஷனுக்கு நிரப்புற படிவத்தில தங்குற விலாசம் கேப்பாங்க, அதில மரத்தடி எண்டு எழுதேலாது.