காலிப்பர் வாங்குவதற்கு முன்னால்: பிரேக் கேள்வி பதில்

கே: முன் இடது சக்கரம் கொதிக்கிறது. காலிப்பர் போச்சு என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா? (ஓசூர்)

ப: பொறுங்கள். காலிப்பர் என்பது பிரேக் டிஸ்க்கை இரண்டு பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம். சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, காலிப்பர் நிப்பிளைக் (பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீச்சியடித்து, சக்கரம் விட்டுவிட்டதா? அப்படியானால் காலிப்பர் மேல் குற்றமில்லை. பெடலை விட்ட பிறகும் அழுத்தம் திரும்பிப் போகாமல் நிற்கிறது. அந்த ஒரு சக்கரம் மட்டும் என்றால் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஓஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கும். மற்ற சக்கரங்களும் பிடித்தால், பெடலை மிதிக்கும்போது அழுத்தம் உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்.

நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின்னோ இறுகியிருக்கிறது. உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் அப்படியே இருந்தால் முதல் சந்தேகம் ஸ்லைட் பின் மேல்தான். சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவினால் பல வண்டிகள் சரியாகிவிடும். பிஸ்டனில் துரு குழி பறித்திருந்தால் காலிப்பர் வாங்குங்கள். குழி இல்லையென்றால் ரப்பர் சீல் கிட் போதும்.

கழற்றிய காலிப்பரை ஓஸில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

கே: ஸ்லைட் பின்னுக்குச் சாதாரண வீல் கிரீஸ் தடவலாமா?

ப: கூடாது. ரப்பர் ஊதி, ஸ்லைட் பின் மறுபடி இறுகும்.

கே: முன்னால் இரண்டு காலிப்பரும் புதுசு. எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. (நாகர்கோவில்)

ப: நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழேயா? கீழே என்றால் இடது வலது மாற்றி மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே தேங்கும், நிப்பிள் வழியாக வெளியே வராது. மாற்றி மாட்டும்போது ஓஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுக் காப்பர் வாஷர் போடுங்கள். ஓஸில் தொங்கவிடாதீர்கள்.

கே: ஒரு பக்கம் போனால் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

ப: பேட் என்றால் கட்டாயம் இரண்டு பக்கமும். காலிப்பருக்கு அப்படி இல்லை.

கே: ஈரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வண்டி இழுக்கும் சார். தவறாகச் சொல்லித் தராதீர்கள்.

ப: இரண்டுக்கும் வரும் அழுத்தம் ஒன்று, பிஸ்டன் அளவும் ஒன்று. பிறகு எதனால் இழுக்கும்? பழசு இறுகியிருந்தால் இழுக்கும். அப்போது அதுவும் பழுதானது, மாற்றுங்கள்.

கே: ஆறு மாதத்தில் அந்தப் பக்கமும் போனால் கஸ்டமர் என்னைத்தானே கேட்பார்?

ப: கேட்பார். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அது உங்கள் தொழில் கணக்கு, பிரேக்கின் கணக்கு இல்லை. மறு பக்கத்தையும் கழற்றி, பிஸ்டன் தள்ளினால் நகர்கிறதா என்று கஸ்டமர் கண்ணெதிரே காட்டுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.

கே: டாட் 3 பிரேக் ஆயில் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாமா?

ப: ஊற்றலாம். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும்; ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். அதனால் பாதி தீர்ந்த பழைய டப்பாவை எடுக்காதீர்கள். டாட் 5 வேண்டாம், அது சிலிக்கான்.

கே: பின் சக்கரக் காலிப்பரின் பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

ப: ஹேண்ட்பிரேக் அதனுடனே சேர்ந்த வகையாக இருக்கும். அழுத்தாதீர்கள், திருகி உள்ளே தள்ளுங்கள். பொத்தான் ஹேண்ட்பிரேக் என்றால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் தொடவே கூடாது.

கே: வலது சக்கரம் சூடாகிறது, காலிப்பர் மாற்றலாமா?

ப: முதல் பதில். அதற்கு மேல் புதிதாக எதுவும் இல்லை.

கே: சார், என் வண்டியிலும் சக்கரம் சூடாகிறது...

ப: முதல் பதில். ஓஸில் தொங்கவிடாதீர்கள்.

கே: பைக் டிஸ்க் கீச்சிடுகிறது.

ப: பைக் என் துறை இல்லை, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: எல்லாம் மாட்டியாச்சு. வண்டியை எடுக்கலாமா?

ப: பெடலை மிதித்தீர்களா? முதல் சில மிதி தரை வரை போகும், பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது. கெட்டியாகும் வரை மிதித்து, ஆயில் மட்டம் பார்த்துவிட்டு எடுங்கள்.