ஐப்பசியில் அப்பளம் போடுவது எப்படி, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுப் பின்கட்டில் அப்பளம் போட்டு விற்கிறேன், என்னோடு ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். திங்கள் இத்தனை கிலோ, செவ்வாய் இத்தனை கிலோ என்று ஞாயிற்றுக்கிழமையே நோட்டில் எழுதிவிடுவேன். மழை வந்தால் எல்லாம் போச்சு. கல்யாண ஆர்டர் வேறு திடீரென்று கூடுகிறது, குறைகிறது. பேசாமல் திட்டமே போடாமல் இருந்துவிடலாமா?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: போடாமல் இருந்தால் உளுந்து வாங்கப் பணம் எப்போது வேண்டும் என்றே தெரியாமல் போகும், தங்கச்சி. போடுங்கள், ஆனால் நாளைக்கு உள்ளதை மட்டும் பேனாவில் எழுதுங்கள், அதற்கு அப்புறம் உள்ளதெல்லாம் பென்சிலில்.

உங்கள் வேலையில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பாருங்கள். உளுந்து காத்திருக்கும். அரைத்த மாவும் ஈரம் படாமல் மூடி வைத்தால் சில நாள் தாங்கும். பிரண்டைச் சாறும் உப்பும் அப்பளக்காரமும் விட்டுப் பிசைந்துவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது, இடித்து உருட்டித் தேய்த்து அன்றைக்கே காயப்போட்டாக வேண்டும், அரைகுறையாகக் காய்ந்ததை அடுக்கினால் பூஞ்சைதான். அப்படியென்றால் முடிவெடுக்க வேண்டிய நேரம் மாவில் தண்ணீர் படுவதற்கு முந்தின நிமிஷம். அதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுகிறீர்கள், அதுதான் கோளாறு. சந்தேகமான காலையில் பாதி மாவை மட்டும் பிசையுங்கள், வெயில் நிலைத்தால் மீதி.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வடாம் போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், வியாழக்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டோமே என்கிற ரோஷத்தில், மேற்கே மலை கறுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு கிலோ அரிசிக்குக் கூழ் கிண்டினேன். மத்தியானம் ஊற்றிய மழையில் அத்தனையும் மாட்டுத்தொட்டிக்குப் போனது.

வானிலை ஆய்வு மையம் அடுத்த சில நாட்களுக்கும் சொல்கிறது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கும் சொல்கிறது. முன்னதைப் பார்த்து உளுந்து வாங்குங்கள், பின்னதைப் பார்த்து மாவு பிசையுங்கள். ஒன்று கவனம், அவர்கள் கனமழை என்பது 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டருக்கு மேல், நம் அப்பளத்துக்கோ ஒரு தூறல் போதும். அதனால் எச்சரிக்கை இல்லையே என்று நம்பிவிடாதீர்கள். போதாததற்கு மாஞ்சோலை மலைமேல் உள்ள ஊத்து, நாலுமுக்கு ஊர்களில் கொட்டும்போது ராதாபுரத்தில் வெயில் அடிக்கும், இரண்டும் ஒரே மாவட்டம்! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்படி வந்தால் நோட்டை மூடிவிட்டு உளுந்து மூட்டையைப் பரணில் ஏற்ற வேண்டியதுதான்.

கல்யாண ஆர்டருக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தமும் உண்டு, மழையும் உண்டு. புரட்டாசியில் பலர் கல்யாணம் வைப்பதில்லை, ஆனால் வெயில் நன்றாக அடிக்கும். அந்த மாதம் ஆர்டர் இல்லையென்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் போட்டு, நன்றாகக் காயவைத்து, டின்னில் அடைத்து வையுங்கள். எல்லாரும் வாங்குகிற ஒரே ஓர் அளவில் மட்டும், அதுவும் கடன் வாங்காமல் முடிகிற அளவுக்கு. பாக்கெட் போடுவதையும் லேபிள் ஒட்டுவதையும் ஆர்டர் கைக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள், நூறு கிராமாகக் கட்டியதைப் பிரித்துக் கால் கிலோவாகக் கட்டுகிற வேலை யாருக்கு வேண்டும்? சூரிய உலர்த்தி வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள், மேகம் மூடினால் அதுவும் நம்மைப் போலத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆறு பெண்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் உங்கள் மழைநாள் நஷ்டத்தில் பாதி அவர்கள் தலையில்தான் விழுகிறது. வரச் சொல்லிவிட்டு வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். எத்தனை கிலோ என்பதை ராத்திரியே சொல்லுங்கள், போடுவதா இல்லையா என்பதைக் காலை ஆறு மணிக்குப் போனில் சொல்லுங்கள். உளுந்து புடைப்பதையும் பாக்கெட் போடுவதையும் மழை நாளுக்கென்றே ஒதுக்கி வைத்து, அதற்கு நாள் கூலி கொடுத்துவிடுங்கள்.