எந்த மருந்து காப்பாற்றியது?

அன்புள்ள ஐயா,

சென்னையில், மருந்துப் பரிசோதனைகளின் தரவுகளைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடந்த ஓராண்டாக என் திரையில் வருபவர்கள் அனைவரும் மெலனோமா என்ற தோல் புற்று முற்றிய நோயாளிகள், வெளிநாட்டினர். பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். ஒரு குழுவினருக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மற்றொரு குழுவினருக்கு ஒன்றுதான். யார் எந்தக் குழு என்பது எங்களுக்குத் தெரியாது. சென்ற மாதம் ஓர் எண்ணுக்கு நேராக இறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு வயது முப்பத்தொன்று. எனக்கும் அதே வயதுதான். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

இரண்டு மருந்துகளையும் எல்லோருக்குமே கொடுத்துவிட்டால் என்ன? குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு ஒன்றை மறுப்பதில் என்ன அறம் இருக்கிறது? லாபத்துக்காக மனிதர்களைச் சோதனை எலிகளாக்கும் இந்தக் காரியத்தில் எனக்கும் பங்குண்டு என்று தோன்றுகிறது. நான் செய்வதோ தேதிகளைச் சரிபார்க்கும் வேலை. அதனால் யாருக்கு என்ன நன்மை? இதை ஒரு சிறுகதையாக எழுத நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

எம்.
(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எம்.,

நீங்கள் குறிப்பிட்டிருந்த பரிசோதனையின் பெயரையும் அந்த நோயாளியின் எண்ணையும் நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். அவற்றை எனக்கு எழுதியதே தவறு. துக்கத்தில் எழுதினீர்கள் என்பதால் மேற்கொண்டு திட்டவில்லை. இனி எவருக்கும் எழுதாதீர்கள்.

லாபத்தைப் பற்றிய வரியை விட்டுவிடுகிறேன். மருந்து நிறுவனங்கள் லாபத்துக்காக இயங்குகின்றன என்பதை அறிய யாரும் மதியச் சாப்பாட்டை ஒதுக்க வேண்டியதில்லை. சிறுகதையையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த மனிதர் இறந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஆனால் ‘எலி’ என்ற சொல்லை விட முடியாது. முற்றிய நோயோடு அமர்ந்து, பக்கம் பக்கமாக நீளும் ஒப்புதல் படிவத்தைப் படித்து, கேள்வி கேட்டு, கையெழுத்திட்ட ஒருவரை எலி என்று சொல்வது இரக்கம்போலத் தெரிந்தாலும் அவமரியாதைதான். எலி கையெழுத்திடுவதில்லை. நடுவில் விலகிக்கொள்ளும் உரிமையும் அதற்குக் கிடையாது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது ‘இரண்டையும் எல்லோருக்குமே கொடுத்துவிட்டால் என்ன’ என்ற வரிதான். அந்த வரியோடு நான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்தபோது என் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அத்தை கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிக்க வைத்தார். டவுன் டாக்டர் ஒரு வாரம் குளுக்கோஸ் ஏற்றினார். பெரியப்பா ஒரு மந்திரவாதியை அழைத்து வந்தார். அவர் வேப்பிலையால் அப்பாவின் கைகளைத் தடவித் தடவிப் பித்தளைத் தட்டில் இருந்த சுண்ணாம்பு நீரில் கழுவக் கழுவ நீர் மஞ்சளாக மாறியதை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். ஆறு வாரங்களில் அப்பா எழுந்துவிட்டார். நால்வரும் தத்தம் வெற்றியைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதாக ஒருவருக்கும் அதில் உரிமை உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அப்பாவின் கல்லீரல். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும்.

மூன்று ஆண்டுகள் கழித்துச் சித்தப்பாவின் கண்கள் மஞ்சளாயின. அதே நான்கையும் ஒன்றுவிடாமல் அவருக்கும் செய்தோம், ஏனென்றால் அவை அப்பாவைக் காப்பாற்றியவை ஆயிற்றே. இரண்டு மாதம் கழித்து மதுரைக்குக் கொண்டுபோனபோதுதான், பித்தநீர்க் குழாயை ஒரு கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. அந்த இரண்டு மாதங்களில் எவரும் அவரை அலட்சியம் செய்யவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். மெலனோமாவின் மருத்துவ வரலாற்றிலும் இந்தப் பித்தளைத் தட்டு பல இடங்களில் வருகிறது. 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாகார்பசின் என்ற கீமோ மருந்துதான் நெடுங்காலம் முற்றிய மெலனோமாவுக்கு வழக்கமான சிகிச்சையாக இருந்தது. அதில் பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் கட்டி சுருங்கும். எண்பதுகளில் டாகார்பசினோடு சிஸ்பிளாட்டின், கார்முஸ்டின் ஆகியவற்றையும் மார்பகப் புற்றுக்குத் தரும் டமாக்சிஃபெனையும் சேர்த்து ஒரு கூட்டுச் சிகிச்சையை உருவாக்கினார்கள். டார்ட்மத் முறை என்று அதற்குப் பெயர். சிறு குழுக்களில் கொடுத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியதாகச் செய்திகள் வந்தன. அந்தச் சிறு குழுக்களுக்கு அருகே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. நோயாளிகளுக்கு அந்த நான்கையும் கொடுப்பது கருணை என்றே நினைத்திருப்பார்கள். எங்கள் அத்தையும் அப்படித்தான் நினைத்தார்.

கடைசியில் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையைச் சேர்ந்த பால் சாப்மனும் அவருடைய சக மருத்துவர்களும் 240 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு மருந்துகளையும் மறுபாதிக்கு டாகார்பசினை மட்டும் கொடுத்தார்கள். முடிவு 1999இல் வெளியானது. நான்கும் பெற்றவர்களில் 18.5 விழுக்காட்டினருக்கும் ஒன்று மட்டும் பெற்றவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியிருந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆயுள் கூடவில்லை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் இறந்துபோவதற்குள் கழிந்த காலம், ஏழு மாதம். வாந்தி, சோர்வு, எலும்பு மஜ்ஜை பாதிப்பு ஆகியவை நான்கு மருந்துகளைப் பெற்றவர்களுக்கே அதிகம். உங்கள் வாதப்படி அன்று ‘மறுக்கப்பட்டவர்கள்’ யார்? ஒற்றை மருந்தைப் பெற்றவர்கள் எஞ்சியிருந்த மாதங்களில் கொஞ்சம் குறைவாக வாந்தியெடுத்தார்கள்.

பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் உடலில் நோயை எதிர்த்துப் போராடும் டி செல்களைக் கட்டிவைக்கும் ஒரு நொதியைத் தடுப்பது எபகாடோஸ்டாட் என்ற மாத்திரை. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துடன் அதைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஒப்பீடு இல்லாத தொடக்கநிலைப் பரிசோதனையில் மெலனோமா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கியது. 706 பேருடன் பெரிய பரிசோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு மாத்திரை, மறு குழுவுக்கு அதைப் போன்ற வெற்று மாத்திரை, பெம்ப்ரோலிசுமாப் இருவருக்கும். 2018இல் முடிவு வந்தபோது இரண்டு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை. தொடக்கத்தில் கண்ட பலன் பெம்ப்ரோலிசுமாபுடையது; மாத்திரை பக்கத்தில் நின்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. வெற்று மாத்திரையை விழுங்கியவர்கள் இல்லாமல் போயிருந்தால், ஆயிரக்கணக்கானவர்கள் இன்றும் அதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டும் தனித்தனியே நல்லவையாக இருந்து, சேர்ந்தபோது கெடுத்த கதையும் உண்டு. மெலனோமா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் கட்டியில் பி-ராஃப் என்ற மரபணு பிறழ்ந்திருக்கும் என்று 2002இல் தெரியவந்தது. அந்தப் பிறழ்வைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் 2011இல் அனுமதி பெற்றது; டி செல்களின் கடிவாளம் ஒன்றைத் தளர்த்தும் இபிலிமுமாபும் அதே ஆண்டில்தான் அனுமதி பெற்றது. உங்களைப் போலவே எவருக்கும் தோன்றக்கூடியதுதான்: இரண்டையும் கொடுத்துவிட்டால் என்ன? முதற்கட்டப் பரிசோதனையில் ஒருசிலருக்குக் கொடுத்த நிலையிலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டு, அத்தோடு நிறுத்திவிட்டார்கள். இதற்கு நேர் எதிராக, வெமுராஃபெனிபைப் போன்ற டப்ராஃபெனிபோடு டிராமெட்டினிப் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தபோது, டப்ராஃபெனிபின் விளைவாகத் தோலில் முளைக்கும் வேறு வகைப் புற்று குறைந்தது, கடும் காய்ச்சலோ கூடியது. காகிதத்தில் கூட்டிப் பார்த்து இவற்றில் ஒன்றையாவது முன்கூட்டிச் சொல்லியிருப்பேன் என்று எவரேனும் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இவ்வளவு உறுதியாகப் பேசும் நான் ஓர் இடத்தில் தடுமாறுகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெமுராஃபெனிபை டாகார்பசினோடு ஒப்பிட 675 பேருடன் நடந்த பரிசோதனையின்போது, தொடக்கநிலை ஆய்வுகளில் அந்த மருந்தின் வேகத்தை மருத்துவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் அண்ணன் தம்பி முறையான இரண்டு இளைஞர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பற்றி 2010இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. குலுக்கலில் ஒருவருக்குப் புதிய மருந்து, மற்றவருக்கு டாகார்பசின். டாகார்பசின் பெற்றவர் இறந்துபோனார். அப்போது அவரைக் குழு மாற்ற விதி இடம்தரவில்லை; பிறகு இடைக்கால முடிவு வந்து, ஆறு மாதத்தில் உயிரோடிருந்தவர்கள் ஒரு பக்கம் 84 விழுக்காடு, மறுபக்கம் 64 என்று தெரிந்த பின்னரே கதவு திறக்கப்பட்டது. அந்தப் பரிசோதனையின் முடிவை எழுதிய முதல் பெயரும் பால் சாப்மன்தான். டார்ட்மத் முறையின் ஏமாற்றத்தைக் கண்டவர் இன்னொரு முறை ஏமாற மறுத்தார் என்பது எனக்குப் புரிகிறது. இறந்துபோன அந்த இளைஞரின் தாயிடம் போய் இதைச் சொல் என்றால் எனக்கு நாக்கு எழாது. குலுக்கல் நியாயமாக இருப்பது, எது மேல் என்று உண்மையிலேயே தெரியாத வரையில்தான். தெரிந்த கணம் எது என்பதில்தான் சண்டை. உங்கள் கோபத்தை அந்த இடத்தில் வைத்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் அதைக் குலுக்கலின் மேலேயே வைத்துவிட்டீர்கள்.

இப்போது நிவோலுமாபும் இபிலிமுமாபும். டி செல்களுக்கு இரண்டு கடிவாளங்கள். நிணநீர்க் கணுவில் அவை புறப்படும்போதே இழுத்துப் பிடிப்பது ஒன்று; அதைத் தளர்த்துவது இபிலிமுமாப். கட்டியை அடைந்த இடத்தில் இழுத்துப் பிடிப்பது மற்றொன்று; அதைத் தளர்த்துவது நிவோலுமாப். இரண்டையும் தளர்த்தினால் என்ன ஆகும் என்று 2013-14இல் 945 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு இரண்டு மருந்துகளும், மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொன்றும். ஒற்றை மருந்துக் குழுவினருக்கும் மற்றொன்றுக்குப் பதிலாக வெறும் திரவத்தை ஏற்றினார்கள். சொட்டுவது எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2024இல் பத்தாண்டு முடிவு வெளியானது. உயிரோடிருந்தவர்கள், இரண்டும் பெற்ற குழுவில் 43 விழுக்காடு, நிவோலுமாப் மட்டும் பெற்ற குழுவில் 37, இபிலிமுமாப் மட்டும் பெற்ற குழுவில் 19. டார்ட்மத் காலத்து ஏழு மாதத்தை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள். எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் 43ஐ மட்டும் பார்க்காதீர்கள், அருகில் இருக்கும் 37ஐயும் பாருங்கள். 2015இல் வெளியான முதல் கட்டுரையின்படி, இரண்டு மருந்துகளையும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காட்டினருக்கே வந்தன. பெருங்குடல் புண்ணாகி நாளெல்லாம் வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை. அந்த இரண்டு குழுக்களையும் முறைப்படி ஒன்றோடொன்று மோதவிட அந்தப் பரிசோதனை வடிவமைக்கப்படவில்லை என்பதால், அந்த ஆறு விழுக்காட்டின் எடை என்ன என்று மருத்துவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மூளைக்குப் பரவிய நாற்பது வயதுக்காரருக்கு இரண்டையும், உடல் தளர்ந்த எண்பது வயதுக்காரருக்கு ஒன்றை மட்டும் என்று ஒரு மருத்துவர் இன்று யோசிக்க முடிகிறதென்றால், அது நீங்கள் ‘மறுக்கப்பட்டவர்கள்’ என்று எழுதிய அந்த ஒற்றை மருந்துக் குழுவினர் கொடுத்த அறிவு. எல்லோருக்கும் இரண்டையும் கொடுத்திருந்தால் அந்த எண்பது வயதுக்காரரின் குடலையும் புண்ணாக்கி, அதற்கும் கருணை என்றே பெயர் வைத்திருப்போம்.

உங்கள் மற்றொரு கேள்வியை, தேதிகளைப் பற்றியதை, மறந்தே போனேன். பத்தாண்டு முடிவு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? மருந்து நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில், ஏதோ ஓர் ஊரின் மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் குறித்த இடைவெளியில் தொலைபேசியில் அழைத்து, உயிருடன் இருக்கிறாரா என்று கேட்டு, ஒரு வரி எழுதியிருக்கிறார். வேறெங்கோ உங்களைப் போன்ற ஒருவர் அந்த வரியைச் சரிபார்த்திருக்கிறார். அந்த முப்பத்தொரு வயதுக்காரர் எந்தக் குழு என்று உங்களுக்குத் தெரியாதது நல்லது. அவருடைய தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அமெரிக்க மையங்கள் மாதத்தை முன்னால் எழுதும்.

மதியம் சாப்பிடுங்கள்.