பழைய தொடர், புதிய தகடு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எஸ்ஏபிசியில் (தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியில்) ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசிய ஸ்டீவ் ஆஸ்டினைப் பார்த்து வளர்ந்தவன் நான். அமெரிக்காவில் இருக்கும் மகள், அவன் நாயகனாக வரும் ‘சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்’ தொடரின் புளூ-ரே பெட்டியை அனுப்பியிருக்கிறாள். எல்லா மண்டலத் தகடும் (எந்த நாட்டுக்கென வெளியிட்டதும்) ஓடும் பிளேயரில் போட்டால், தொடக்க இசை இழுத்துக்கொண்டு போகிறது, குரல்களும் கட்டையாக இருக்கின்றன. பிளேயர் கோளாறா? ஆஃப்ரிகான்ஸ் ஒலியையும் காணோம்.
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: பிளேயரில் கோளாறு எதுவும் இல்லை. தகட்டில் ஓடுவதுதான் சரியான வேகம். உங்கள் காதில் தங்கியிருப்பது வேறு வேகம். இந்தத் தொடரை 35 மி.மீ. பிலிமில், நொடிக்கு 24 படமாக எடுத்தார்கள். 1976 ஜனவரி 5-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய நம் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. அதில் நொடிக்கு 25 படம் ஓடும். பிலிமை அப்படியே 25-இல் ஓட்டிவிடுவதுதான் அன்றைய வழக்கம். 50 நிமிடக் கதை 48 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் ஏறும். ‘ச’வுக்கும் சுத்த ‘ரி’க்கும் இடையே உள்ள தூரத்தில் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றம் அது. அதையே கேட்டு வளர்ந்த காதுக்கு உண்மைச் சுருதி தொய்வாகத்தான் படும். நாலைந்து கதை பார்த்தால் பழகிவிடும்.

‘டீ மான் ஃபான் ஸ்டால்’ என்ற பெயரில் நாம் கேட்ட ஆஃப்ரிகான்ஸ் குரல் இங்கே தயாரானது. அமெரிக்கத் தகட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. சொந்தக்காரர் யாரிடமாவது வீட்டில் பதிவு செய்த கேசட் இருந்தால், அந்த ஒலியைக் கணினிக்கு மாற்றிப் புதிய படத்தோடு பொருத்திக்கொள்ளலாம். ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து வேகத்தை –4.096 விழுக்காடு மாற்றுங்கள். புளூ-ரே சரியாக 24-இல் இல்லாமல் 23.976-இல் ஓடுவதால்தான் இந்தப் பின்னம். ‘டெம்போ’வைத் தொடாதீர்கள். அது நீளத்தை மட்டும் கூட்டும், சுருதி ஏறியபடியே நிற்கும். ‘ஸ்பீட்’ மாற்றினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். விளம்பரத்துக்காகக் காட்சி வெட்டுப்பட்ட இடம் ஒவ்வொன்றிலும் ஒலியைத் துண்டித்துத் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். மொத்தமாக ஒட்டினால் முதல் இடைவேளைக்குப் பிறகு உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போய்விடும். கேசட்டைப் பதிவிறக்கும்போது எம்கேவி வடிவத்தில் சேமியுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும், எம்பி4 என்றால் பெரும்பாலும் கோப்பே திறக்காது.

1986-இல் தொடங்கிய ‘ரேடியோ 2000’ என்ற வானொலி நிலையத்தில், மொழிமாற்றிய பிற்காலத் தொடர்களின் ஆங்கில ஒலியை அதே நேரத்தில் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதும் ஏறிய சுருதிதான்.

இன்னொன்று. டிவியில் ‘மோஷன் ஸ்மூத்’ போன்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஸ்டீவ் ஆஸ்டின் ஓடும் ஸ்லோ மோஷன் காட்சிகளில், டிவி தானாக இடைப்படம் செய்து சொருகிக் கை கால் ஓரங்களைக் குழப்பிவிடும். பட அளவு 4:3-இலேயே இருக்கட்டும். திரையை நிறைக்க இழுத்தால் ஆள் அகலமாவார், பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும்.

கேள்வி: ஸ்டீவ் ஆஸ்டின் பெட்டியில் ‘கில் ஆஸ்கர்’ கதை நடுவிலிருந்து தொடங்குகிறது. தகடு விட்டுப்போய்விட்டதா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: இது மூன்று பகுதிக் கதை. முதலும் மூன்றும் கிளைத் தொடரான ‘பயோனிக் வுமன்’-இல் வந்தன, இரண்டாவது மட்டும் ஸ்டீவ் ஆஸ்டின் தொடரில் வந்தது. 1976 அக்டோபர் 27, 31, நவம்பர் 3 என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் மற்றத் தொடரின் பகுதிகளைக் கூடுதலாகத் தந்திருப்பார்கள். வாங்குமுன் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். 1973-இல் வந்த மூன்று முழுநீளப் படங்களும் பிறகு இரண்டிரண்டு பகுதிகளாக மறுவெட்டு பெற்றவை. முழுப்பட வடிவம் கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள்.

கேள்வி: மொரீஷியஸிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய கேசட்டுகள் இங்கே கறுப்பு வெள்ளையாக ஓடுகின்றன. இரண்டில் வெள்ளைப் பூசணம் வேறு.
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அங்கே ‘செகாம்’ (SECAM) என்ற வண்ண முறை, இங்கே ‘பால்’. இரண்டிலும் 625 கோடுதான், அதனால் படம் வருகிறது. நிறத்தைக் குறிக்கும் முறை வேறு என்பதால் நிறம் மட்டும் வருவதில்லை. மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். ஆனால் அவற்றில் பல ‘மீசெகாம்’ (MESECAM) என்ற வகையில் நாடாவில் பதிந்த செகாமைத்தான் வண்ணத்தில் காட்டும், பிரெஞ்சு டெக்கில் பதிந்த நாடாவுக்குப் பிரெஞ்சு டெக்கே தேவை. எந்த டெக்கில் பதிந்தது என்று அக்காவிடம் முதலில் கேளுங்கள். கணினிக்கு மாற்றும்போது பதிவு மென்பொருளிலும் செகாமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூசணம் பிடித்த இரண்டையும் எந்த டெக்கிலும் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வையுங்கள். காய்ந்தபின் முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே, ஐந்து திருகாணிகளையும் கழற்றி மேலோட்டைத் திறந்து, சுருளின் ஓரத்தை மென்மையான தூரிகையால் துடையுங்கள். பிறகு பஞ்சு உதிராத துணியில் நாடாவை லேசாகப் படியவிட்டு, கையாலேயே ஒருமுறை முழுவதும் சுற்றுங்கள். அதன்பின்னும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய டெக்கில்தான் முதலில் ஓட்ட வேண்டும்.

கேள்வி: சென்னையில் வாங்கும் தகடு டர்பனில் ஓடுமா?
(வாசகர், டொங்காட்)

பதில்: டிவிடி என்றால் இந்தியா மண்டலம் 5, தென்னாப்பிரிக்கா மண்டலம் 2. புளூ-ரேயில் இந்தியா சி, நாம் பி. உறையில் எல்லா மண்டலக் குறியும் இருந்தால் ஓடும். கணினி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம் என்றாலும், ஐந்து முறைக்குமேல் அது பூட்டிக்கொள்ளும்.